போர்டு மீட்டிங்கை யார் கூப்பிடலாம்?

அப்பா காலமான பிறகு அவருடைய பங்குகள் எனக்கு வந்தன. அவர் இருந்த இடத்தில் என்னை இயக்குநராகவும் நியமித்தார்கள். கோவையில் பம்ப் உதிரிகள் வார்க்கும் சின்ன ஃபவுண்டரி அது. 2016இல் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவானது. இயக்குநர்கள் மூன்று பேர்: எம்.டி.யும் சேர்மனுமான சித்தப்பா, துபாயில் இருக்கும் பெரியப்பா மகன், அப்புறம் நான்.

வங்கியில் சி.சி. லிமிட்டை, அதாவது தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கேஷ் கிரெடிட் கடனின் வரம்பை, உயர்த்தும் வேலை வந்தபோது, கணக்குப் பிரிவிலிருந்து ஒரு தீர்மானம் கையெழுத்துக்கு வந்தது. இன்ன தேதியில் போர்டு கூடியது, மூவரும் கலந்துகொண்டோம், ஃபவுண்டரி நிலத்தை அடமானம் வைக்க ஒப்புக்கொண்டோம் என்று இருந்தது. அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை. நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது, முதலில் கூட்டம் போடுவோம் என்று சித்தப்பாவிடம் சொன்னேன்.

"அம்மிணி, மீட்டிங் கூப்பிடறது சேர்மன் வேலை. தேவைப்பட்டா நானே கூப்பிடறேன்" என்றார். என்னை ஏமாற்ற அப்படிச் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். நானும் விவாதத்துக்குப் போகாமல், கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸ் என்ன சொல்கிறது என்று பார்க்கப் போனேன். கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்.சி.ஏ.) தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் யாருடைய ஆர்ட்டிகிள்ஸையும் எடுக்கலாம். எங்களுடையது, 2013 கம்பெனிகள் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் மாதிரி விதிகளை அப்படியே ஏற்றிருந்தது. டேபிள் எஃப் என்பார்கள். அதன் 67ஆவது விதி, ஓர் இயக்குநர் எப்போது வேண்டுமானாலும் போர்டு கூட்டத்தைக் கூட்டலாம் என்கிறது. மேலாளரோ செக்ரட்டரியோ இருந்தால், ஓர் இயக்குநர் கேட்டதும் அவர்கள் கூட்டியே ஆகவேண்டும். சேர்மனின் அனுமதி வேண்டும் என்ற சொல்லே அதில் இல்லை. உங்கள் கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கலாம். அதனால் முதலில் அதைப் படியுங்கள்.

எங்களுக்குத் தனியாகக் கம்பெனி செக்ரட்டரி கிடையாது. தொழில்முறையாகப் பல கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு சி.எஸ். அம்மாவிடம் போனேன். கூட்டும் அதிகாரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. "நோட்டீஸ்தான் முக்கியம். யாரோடு மனஸ்தாபமோ, அவருக்குத்தான் முதலில் போய்ச் சேரணும்" என்றார். 1973இல் பரமேஸ்வரி பிரசாத் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டினார். ஒரே ஓர் இயக்குநருக்கு நோட்டீஸ் போகாததால் அந்தக் கூட்டத்தின் தீர்மானம் செல்லாமல் போனது. பின்னர் முறையாகக் கூடிய போர்டு அதை உறுதிசெய்ததால்தான் அது நின்றது. அப்படிப் பார்த்தால், என் கையெழுத்துக்கு வந்த அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் கூட்டமும் இல்லை, நோட்டீஸும் இல்லை.

நோட்டீஸ் விஷயத்தில் கம்பெனிகள் சட்டத்தின் 173(3) பிரிவு தெளிவாக இருக்கிறது. குறைந்தது 7 நாள் முன்னதாக, எழுத்தில், கம்பெனியில் பதிவான முகவரிக்கு, ஒவ்வோர் இயக்குநருக்கும் போகவேண்டும். நேரிலோ தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். போர்டு கூட்டங்களை நடத்தும் முறைக்கான எஸ்.எஸ்.-1 என்ற தரநிலையின்படி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் இன்னும் 2 நாள் சேர்க்கவேண்டும். அஜெண்டாவும் அதற்கான குறிப்புகளும்கூட முன்கூட்டியே போகவேண்டும். நான் மின்னஞ்சல், ஸ்பீட் போஸ்ட் இரண்டிலும் அனுப்பினேன், நாட்களையும் தாராளமாகவே விட்டேன். கூட்டத்தின் வரிசை எண், கிழமை, தேதி, நேரம், முழு முகவரி, வீடியோவில் கலந்துகொள்ளும் வசதி எல்லாம் எழுதினேன். அஜெண்டாவில் வங்கியின் கடன் முன்மொழிவுக் கடிதத்தை இணைத்தேன். குறை சொல்லும் வாசகம் ஒன்றுகூட வேண்டாம் என்று சி.எஸ். சொன்னதை அப்படியே கேட்டேன்.

நோட்டீஸ் கிடைத்ததும், கூட்டம் எதற்கு, சுற்றறிக்கைத் தீர்மானமாக மூவரும் மெயிலில் ஒப்புக்கொண்டால் போதாதா என்று துபாய் அண்ணன் கேட்டார். பல விஷயங்களுக்கு அது போதும். கடன் வாங்குவதற்குப் போதாது. 179(3) பிரிவு பட்டியலிடும் அதிகாரங்களைக் கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தால்தான் பயன்படுத்த முடியும். கடன் வாங்குவது அதில் ஒன்று. வங்கியோடு சி.சி. லிமிட் ஏற்பாடு செய்வதும் அதில் அடங்கும். தினமும் அதிலிருந்து பணம் எடுப்பதற்குக் கூட்டம் தேவையில்லை.

இன்னொரு விஷயமும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. 12 மாதங்களில் நடந்த போர்டு கூட்டங்களில் ஒன்றுக்குக்கூட வராத இயக்குநரின் பதவி 167ஆவது பிரிவின்படி தானாகக் காலியாகிவிடும், லீவு வாங்கியிருந்தாலும்கூட. நடக்காத கூட்டத்தை நடந்ததாகவும், இன்னார் வரவில்லை என்றும் எழுத ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? குடும்பக் கம்பெனிகளில் பெயருக்கு இயக்குநராக இருக்கும் அம்மாக்களும் மனைவிகளும் இதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கோரம், அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது, பற்றிக் கவலை இல்லை. மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 2 பேர், இதில் எது அதிகமோ அது. எங்களுக்கு 2 பேர். வீடியோவில் வருபவரும் கணக்கில் உண்டு. சித்தப்பா வராவிட்டாலும் கூட்டம் நடந்திருக்கும். ஆனால் அவர் வந்தார், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு. அவர்தான் தலைமை வகித்தார். கூட்டியது நான் என்பதால் தலைமை எனக்கு வந்துவிடாது. அண்ணன் துபாயிலிருந்து பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்லி, அஜெண்டா கிடைத்தது, அறையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி சொன்னார். விதிகள் அப்படித்தான் கேட்கின்றன.

கடனுக்கு நான் எதிரி இல்லை. ஆர்டர் இருக்கிறது, பணம் வேண்டும். நிலத்தை முழுதாக வைக்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பேசப் பேச, இயந்திரங்களையும் நிலத்தின் ஒரு பகுதியையும் மட்டும் தருவதாக வங்கியிடம் கேட்டுப்பார்க்கலாம் என்று சித்தப்பாவே சொன்னார். லிமிட் தொகை, கையெழுத்திடுபவர்கள், அடமானத்தின் எல்லை மூன்றையும் தெளிவாக எழுதித் தீர்மானம் போட்டோம். வங்கியும் அதை ஏற்றுக்கொண்டது.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பான மினிட்ஸின் வரைவு 15 நாளுக்குள் எல்லோருக்கும் போகவேண்டும், கருத்துச் சொல்ல 7 நாள், 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறவேண்டும். வரைவில் அடமானப் பகுதியின் சர்வே எண் விட்டுப்போயிருந்தது, எழுதிக் கேட்டுச் சேர்க்கவைத்தேன். நோட்டீஸ் அனுப்பியதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் உள்ள ஆதாரங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்பதால் தபால் ரசீதுகளும் மெயில் நகல்களும் ஒரே ஃபைலில் இருக்கின்றன. எங்களைப் போன்ற சிறு கம்பெனிக்கு அரையாண்டுக்கு ஒரு கூட்டம், இடையில் குறைந்தது 90 நாள் இருந்தால் போதும். அந்த இரண்டு தேதிகளையும் அந்தக் கூட்டத்திலேயே குறித்துவிட்டோம்.