அரங்கில் காணாமல் போன நடுவர்: ரோமைக் காட்டும் படங்களில் எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்க முடியாது

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமச் சட்ட அறிஞர் காயுஸ், மாணவர்களுக்காக எழுதிய பாடநூலில் ஒரு சட்டச் சிக்கலை முன்வைக்கிறார். ஒருவர் தன்னிடம் இருக்கும் கிளாடியேட்டர்களை, அதாவது அரங்கில் மக்கள் முன் சண்டையிடும் வீரர்களை, விழா நடத்துபவரிடம் ஒப்பந்தம் போட்டு அனுப்புகிறார். காயமில்லாமல் திரும்பி வரும் ஒவ்வொருவனுக்கும் 20 தெனாரியஸ் (ரோம வெள்ளி நாணயம்). செத்தாலோ ஊனமானாலோ ஒவ்வொருவனுக்கும் 1,000 தெனாரியஸ். இது வாடகையா, விற்பனையா? நல்லபடியாகத் திரும்பியவன் வாடகைக்குப் போனவன், மற்றவன் விற்கப்பட்டவன் என்பது காயுஸ் தரும் விடை.

கிளாடியேட்டர் சண்டையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும். ஒரு சாவு, ஒரு நல்ல சண்டையைவிட 50 மடங்கு செலவு. 1,000 தெனாரியஸ் என்பது, அதைவிடச் சிறிய நாணயத்தில் 4,000 செஸ்டெர்ஸ். அன்றைய சாதாரணப் படைவீரனின் ஆண்டுச் சம்பளமோ 1,200 செஸ்டெர்ஸ். அதாவது மணலில் விழும் ஒவ்வொரு பிணத்துக்கும் ஒரு சிப்பாயின் மூன்று வருடச் சம்பளத்துக்கு மேல் விழா நடத்துபவர் எடுத்து வைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு வந்த 'கிளாடியேட்டர்' படத்தில் நாயகன் ஒரு மாகாணத்து அரங்கில் நுழைந்து, சில நிமிடங்களில் வரிசையாகப் பலரை வெட்டிச் சாய்க்கிறான். காட்சி சிலிர்க்க வைக்கிறது. ஆனால் ஒரு சிற்றூர்ப் பிரமுகர் தன் கைக்காசைப் போட்டு நடத்திய விழாவில் அது நடக்கவே வழியில்லை.

இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கி.பி. 177-ல், அந்தப் படத்தில் வரும் அதே மார்கஸ் ஔரேலியஸும் மகன் கொமோதுஸும் சேர்ந்து ஆண்ட காலத்தில், கிளாடியேட்டர்களின் விலைக்கு உச்சவரம்பு விதித்து செனட் தீர்மானம் போட்டது. அதைப் பொறித்த வெண்கலப் பலகை 1888-ல் ஸ்பெயினில், செவில் நகருக்குப் பக்கத்தில் உள்ள இத்தாலிக்காவில் கிடைத்தது. பெரிய விழாக்களின் முதல்தர வீரனுக்கு 15,000 செஸ்டெர்ஸ் வரை போகலாம். கூட்டத்தோடு சண்டையிடும் கடைநிலை ஆளுக்கு 1,000 முதல் 2,000 வரை. படமோ, மார்கஸ் ஔரேலியஸ் ரோமில் இந்த விளையாட்டையே நிறுத்திவிட்டார் என்று சொல்கிறது. அவர் செய்தது விலைக் கட்டுப்பாடு. ஒரு பேரரசு உட்கார்ந்து விலைப்பட்டியல் போடும் அளவுக்கு அது வேரூன்றிய தொழில்.

தொழில் என்றால் விதிகள் இருக்கும். ரோம மொசைக்குகளில் சண்டையிடும் இருவருக்குப் பக்கத்தில், நீண்ட கோலோடு அங்கி அணிந்த ஒருவர் நிற்பதைப் பார்க்கலாம். அவர்தான் நடுவர். பெரும்பாலும் இரண்டு பேர்: தலைமை நடுவர், துணை நடுவர். ஒருவன் கேடயத்தை இறக்கி விரலை உயர்த்திவிட்டால் நடுவர் குறுக்கே கோலை நீட்டுவார். வென்றவன் அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. தீர்ப்பு விழா நடத்துபவர் கையில். பிரெஞ்சு ஆய்வாளர் ஜார்ஜ் வீல், முதல் நூற்றாண்டில் ஏறக்குறைய ஐந்து சண்டைக்கு ஒரு சாவு என்று மதிப்பிட்டார். பின்னால் வந்த காலங்களில் அது கூடியது. கொடுமை இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. கொடுமை கணக்கோடும் நடுவரோடும் விலைப்பட்டியலோடும் நடந்தது என்று பொருள். படங்கள் நடுவரை நீக்கியதும், கணக்குப் பார்த்து நடந்த கொடுமை வெறும் வெறியாட்டமாகிவிடுகிறது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

சண்டைக் காட்சியை அமைப்பவர்களுக்கு உண்மையான ஜோடிகளே வேண்டிய அளவு கொடுக்கும். வலைவீரனையும் அவனைத் துரத்தும் செக்யூட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வலைவீரனுக்குத் தலைக்கவசமே கிடையாது. சுமார் 3 மீட்டர் அகல வலை, திரிசூலம், குத்துவாள், இடது தோளில் ஓர் உலோகக் காப்பு. மொத்தம் 7, 8 கிலோதான். செக்யூட்டரின் சுமை அதைப்போல இரு மடங்கு. அவன் தலைக்கவசம் வழுவழுப்பாக, விளிம்பே இல்லாமல் இருக்கும். வலை சிக்கக் கூடாது. கண்ணுக்கு இரண்டு சிறு துளைகள் மட்டும். சூலத்தின் முள் நுழையக் கூடாது. அதற்கு அவன் கொடுக்கும் விலை மூச்சும் பார்வையும். பக்கவாட்டில் எதுவும் தெரியாது, உள்ளே காற்று போதாது. ஆகவே சீக்கிரம் நெருங்கி முடிக்க வேண்டியவன் அவன். ஓடி ஓடிக் காலம் கடத்த வேண்டியவன் வலைவீரன். கதாசிரியர் எதையும் கூட்டாமலே அதில் பதற்றம் இருக்கிறது.

முர்மில்லோ, திரேஸ் என்ற இரு வகை வீரர்களின் ஜோடியும் அப்படித்தான். முர்மில்லோவிடம் உடலை மறைக்கும் பெரிய செவ்வகக் கேடயம், இடது காலில் மட்டும் குட்டையான கால்கவசம். திரேஸிடம் சின்னக் கேடயம், அதன் குறையை ஈடுகட்ட இரு கால்களிலும் தொடை வரை கவசம், கேடயத்தைச் சுற்றி வளைத்துக் குத்தும் வளைவாள். ஜெர்மானிய ஆய்வாளர் மார்கஸ் யுங்கெல்மன் இவற்றைச் செய்து, அணிந்து, சண்டையிட்டுப் பார்த்தார். அவர் கணக்கில் முர்மில்லோவின் சுமை 16 முதல் 18 கிலோ. 10, 15 நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பது கடினம். பெரும்பாலான வகைகளில் மார்பு திறந்தே இருக்கும். கைகால், தலைக்குத்தான் காப்பு; சிறு வெட்டில் சண்டை சப்பென்று முடிந்துவிடக் கூடாது என்பதே காரணம். படங்களில் மார்புக்கு அழகான தோல் கவசம் போட்டுத் தலையையும் கைகளையும் திறந்து விடுகிறார்கள். முகம் தெரியவேண்டிய நட்சத்திரத்துக்காகச் செய்யும் நேர் எதிரான ஏற்பாடு இது.

இந்தத் தலைகீழ் ரோம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்களிடமிருந்து. ழான் லியோன் ஜெரோம் 1872-ல் தீட்டிய ஓவியத்தில் அரங்கத்துக் கூட்டம் கட்டைவிரலைக் கீழே கவிழ்த்துச் சாவு கேட்கிறது. பழைய எழுத்தாளர்கள் கட்டைவிரலைத் திருப்பினார்கள் என்று மட்டும்தான் சொல்கிறார்கள். மேலா கீழா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ரிட்லி ஸ்காட்டை 'கிளாடியேட்டர்' படத்துக்கு இணங்கவைக்க, கதையைச் சொல்வதற்கு முன்பே தயாரிப்பாளர்கள் காட்டியது அந்த ஓவியத்தின் பிரதியைத்தான். ஓவியத்தைப் பார்த்துப் படம் வருகிறது, படத்தைப் பார்த்து அடுத்த படம் வருகிறது, பார்வையாளர் அதையே ரோம் என்று நம்பி அதையே அடுத்த முறையும் கேட்கிறார்.

அதே படத்தின் ஆரம்பகாலத் திரைக்கதையில், புகழ்பெற்ற கிளாடியேட்டர் ஒருவன் எண்ணெய்க்கு விளம்பரம் செய்வதுபோல ஒரு பகுதி இருந்தது. கிளாடியேட்டர்களின் பெயரும் உருவமும் விளக்குகளிலும் கண்ணாடிக் குவளைகளிலும் விற்பனையானதற்குப் பொருட்சான்று ஏராளம். அந்தப் பகுதி நீக்கப்பட்டது, பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று. உண்மை நம்பும்படி இல்லை என்று தள்ளப்படுவதுதான் இந்தத் துறையின் நிரந்தரத் தொல்லை. ஹார்வர்ட் பேராசிரியர் கேத்லீன் கோல்மன் அந்தப் படத்துக்கு ஆலோசனை தந்தவர். முடிவைப் பார்த்தபின், வரலாற்று ஆலோசகர் என்று தன்னைக் குறிப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆலோசகரைக் கூப்பிடும் நேரத்தில் கதை பூட்டப்பட்டு, உடைகளுக்குத் தோல் வெட்டியாகிவிட்டால், அதன்பின் அவர் சொல்லித் திருத்த முடிவது மிகக் கொஞ்சம்.

மன்னிக்கக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கொமோதுஸ் அரங்கில் சாகவில்லை; 192-ஆம் ஆண்டின் கடைசி நாளில் நார்சிஸுஸ் என்ற மல்லன் கழுத்தை நெரித்துக் கொன்றான். தந்தைக்குப் பின் அவன் 12 ஆண்டுக்கு மேல் ஆண்டான். படம் அதைச் சில மாதங்கள்போலச் சுருக்கிவிட்டது. இதில் எனக்கு வருத்தமில்லை. காலத்தைச் சுருக்குவது நாடகத்தின் உரிமை. கொமோதுஸ் தானே அரங்கில் இறங்கிச் சண்டையிட்டவன் என்பதால், அந்த முடிவு அவன் குணத்தோடாவது ஒத்துப்போகிறது.

படத்தின் தொடக்கத்தில் வரும் காட்டுப் போர் வேறு ரகம். அடர்ந்த மரங்களுக்கு நடுவே கல்லெறி பொறிகளை இயக்கினால் முதலில் அடிவாங்குவது மரங்கள்தான். தீ அம்புகள் அதைவிட மோசம். நான்காம் நூற்றாண்டில் படையில் இருந்து எழுதிய அம்மியானுஸ் அவற்றைத் தெளிவாக விவரிக்கிறார்: தண்டில் ஒரு குடுவைபோன்ற இரும்புக் கூடு, அதனுள் எரிபொருள். வில்லைத் தளர்வாக இழுத்து மெதுவாக விட வேண்டும், வேகமாகப் போனால் நெருப்பு அணைந்துவிடும். மெதுவாகப் போகும் அம்பு கேடயத்தைத் துளைக்காது. கூரைக்கும் முற்றுகைக் கோபுரத்துக்கும் உரிய ஆயுதம் அது. இரவுக் காட்சியில் கேமராவுக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகவே ஒவ்வொரு படத்திலும் எதிரி வீரர்கள் மேல் எய்கிறார்கள்.

குதிரையில் இருப்பவர் காலை ஊன்றும் அங்கவடி விஷயத்தில் மட்டும் நான் தயாரிப்பாளர் பக்கம். ரோமருக்கு அங்கவடி கிடையாது; ஐரோப்பாவுக்கு அது அவார் என்ற நாடோடி மக்களோடு ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் வந்தது. நான்கு மூலைகளிலும் கொம்புபோல் எழும்பிய சேணம் தொடைகளைப் பிடித்துக்கொள்ளும். பிரிட்டிஷ் ஆய்வாளர் பீட்டர் கானலி அதை மீண்டும் செய்து, ஈட்டியோடு பாய முடியும் என்று காட்டினார். ஆனால் பழக்கமில்லாத நடிகர் விழுந்து அடிபட்டால் படப்பிடிப்பே நின்றுவிடும். வழி இருக்கிறது: வார்களைக் குதிரையின் நிறத்தில் சாயம் ஏற்றி, சேணத்துணியைத் தழையவிட்டு, நெருக்கக் காட்சிகளை முழங்காலுக்கு மேல் வெட்டினால் யாருக்கும் தெரியாது.

தேர்ப் பந்தயத்தில் 1959-ன் 'பென்-ஹர்' சுற்றை எண்ணும் டால்பின் உருவங்களைச் சரியாகக் காட்டியது. தேர்கள்தான் தவறு, வெற்றி ஊர்வலத்துக்கு ஏற்ற கனமான தேர்கள். பந்தயத் தேர் மரமும் தோலும் சேர்ந்த, காற்றுபோல் லேசான வண்டி. ஓட்டுபவன் கடிவாள வார்களை இடுப்பில் சுற்றிக்கொண்டு உடல் எடையால் திருப்புவான். தேர் உடைந்தால் குதிரைகள் அவனை இழுத்துக்கொண்டு ஓடும். வார்களை அறுக்க ஒரு வளைந்த கத்தி வைத்திருப்பான், அதற்குள் நினைவு இருந்தால். கையில் வார் பிடித்த கதாநாயகனுக்கு இந்த ஆபத்து இல்லை. அதே படத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட துடுப்பு அடிமைகள் வருகிறார்கள். ரோமக் கடற்படையில் துடுப்பு வலித்தவர்கள் பெரும்பாலும் 26 ஆண்டு பணிக்குச் சேர்ந்த சுதந்திரமான ஆட்கள். கைதிகளைப் பிணைத்த கப்பல்கள் 16, 17-ஆம் நூற்றாண்டு மத்தியதரைக் கடலுக்கு உரியவை.

2024-ல் வந்த இரண்டாம் 'கிளாடியேட்டர்' படம் கொலோசியத்தில் நீர் நிரப்பிச் சுறாக்களை விட்டது. நீர் நிரப்பியது கி.பி. 80-ல், பேரரசர் டைட்டஸ் காலத்துத் திறப்பு விழாவில் நடந்ததாகவே எழுதியிருக்கிறார்கள். அடுத்து வந்த டொமிஷியன் காலத்தில் அரங்கின் அடியில் நிலவறைகள் கட்டியபின், படக்கதை நடக்கும் மூன்றாம் நூற்றாண்டில் அதற்கு இடமில்லை. சுறாக்களுக்குச் சான்றே கிடையாது. ஆனால் கி.மு. 2-ல் பேரரசர் அகஸ்டஸ் தைபர் நதிக்கு அப்பால் 1,800 அடி நீளம், 1,200 அடி அகலத்தில் ஏரி வெட்டி, 30 பெரிய போர்க்கப்பல்களையும் துடுப்பு வலிப்போர் நீங்கலாக ஏறக்குறைய 3,000 பேரையும் மோதவிட்டதைத் தன் சாதனைப் பட்டியலில் தானே பொறித்து வைத்திருக்கிறார். சுறாவைவிட அது எவ்வளவு பெரிய காட்சி! யாரும் எடுக்கவில்லை.

நகரமும் தவறாகவே இருக்கிறது. படங்களில் ரோம் வெள்ளைப் பளிங்கு. 1863-ல் ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில் தோண்டியெடுத்த அகஸ்டஸ் சிலையிலேயே சிவப்பும் நீலமும் ஒட்டியிருந்தன. பழங்காலத்து எகிப்திய நீலம் சிறு துகளாக இருந்தாலும் அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும், ஆகவே கண்ணுக்குத் தெரியாத வண்ணமும் இன்று பிடிபடுகிறது. கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில், டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. அகநானூறு பாடும் முசிறி வழியாக வந்த கறி என்னும் மிளகும் அங்கே மூட்டையாகக் கிடந்திருக்கும். படங்களில் வரும் ரோமர்கள் சதி செய்கிறார்கள், சண்டையிடுகிறார்கள், சரக்கு வாங்குவதில்லை.

பார்வையாளர் ஏற்கமாட்டார் என்ற வாதம் 2004-லேயே ஆட்டம் கண்டது. அராமைக், ஹீப்ரு, லத்தீன் மொழிகளில் மட்டும் பேசும் ஒரு விவிலியப் படம் உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மொழியையே சகித்துக்கொண்டவர்கள் வண்ணச் சிலையைச் சகிக்க மாட்டார்களா? சிலைகளுக்கு வண்ணம் பூச சில டப்பா சாயம் போதும். படங்களில் மணிக்கட்டில் மாட்டும் தோல் கைப்பட்டைகளைக் கைவிட்டால் செலவு மிச்சம். தலைக்கவசத்தில் மறையும் நட்சத்திர முகத்துக்கும் பொம்பெய்யில் கிடைத்த கவசங்களே வழி சொல்கின்றன: அவற்றின் முகக் கம்பித்தடுப்பு நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் கதவுபோல் திறக்கும். சண்டை முடிந்து தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடத்தில் அதைத் திறக்கலாம். நடுவருக்கு வேண்டியது இரண்டு துணை நடிகர்கள், இரண்டு அங்கிகள், இரண்டு நீளக் கோல்கள்.