திறப்பு விழாவுக்கு வராத வெண்கலம்

1840-இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரம் ஓவியர் ரூபன்ஸ் இறந்த இருநூறாவது ஆண்டை விழாவாகக் கொண்டாடியது. விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, சிலைதான் தயாராகவில்லை. சிற்பி கியோம் கேஃப்ஸ் செய்துவைத்திருந்த பிளாஸ்டர் உருவத்தைப் பீடத்தில் ஏற்றித்தான் விழாவை நடத்தினார்கள். வெண்கல ரூபன்ஸ் க்ரூன்பிளாட்ஸ் சதுக்கத்தில் நின்றது 1843-இல்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிற்பியின் தாமதம். வார்ப்புப் பட்டறையை அறிந்தவர்களுக்கு மூன்று வருடம் பெரிய கணக்கே இல்லை. முதலில் இரும்புச் சட்டத்தின் மேல் களிமண் உருவம். மாதக்கணக்கில் ஈரத்துணி சுற்றி அதைக் காப்பாற்ற வேண்டும். ஒரு வாரம் கவனம் பிசகினால் முழங்கையில் விரிசல் ஓடும். அதிலிருந்து பிளாஸ்டர். பிளாஸ்டரைத் தலை, உடல், கைகள், அங்கியின் பெரிய மடிப்புகள் என்று துண்டு போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனியாக மணல் அச்சு எடுக்க வேண்டும். உள்ளே கருமண், அதாவது சிலையின் உட்புறத்தை வெற்றிடமாக வைக்கும் மண் கட்டி, அதற்கும் வெளி அச்சுக்கும் நடுவே 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிதான் நாளைய சிலை. கருமண் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அங்கே உலோகம் காகிதம்போல் மெலிந்துபோகும், எதிர்ப்பக்கம் தடித்து வெடிக்கும். சுமார் 1,100 பாகை சூட்டில் வெண்கலத்தை ஊற்றும்போது, இரண்டு பக்கமிருந்து வரும் ஓட்டம் சந்திக்கும் முன்பே ஆறிவிட்டால் ஒட்டாத கோடு விழும். அந்தத் துண்டை உடைத்து உருக்கி மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் தாண்டினால் சுருக்கம் காத்திருக்கிறது. வெண்கலம் ஆறும்போது நீளத்தில் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு குறையும். நான்கு மீட்டர் உருவம் என்றால் 6 சென்டிமீட்டர். எல்லாத் துண்டும் ஒரே அளவில் குறைந்தால் சிக்கலே இல்லை. தடித்த உடலும் மெலிந்த அங்கி நுனியும் வேறுவேறு விதமாகக் குறைவதால்தான் மூட்டு பொருந்தாமல் போகிறது. பிறகு தட்டி, அராவி, ஆணியடித்து, உளியால் மேல்தோலைச் சரிசெய்ய வேண்டும். இதில் அவசரப்பட்ட சிலையை நூறு வருடம் கழித்தும் கண்டுபிடிக்கலாம், மூட்டுக் கோடுகள் பச்சை வரியாகத் தெரியும்.

பிளாஸ்டரை வெளியே விட்டுவைக்கவும் முடியாது, அது ஜிப்சம்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் ஜிப்சம் கரையும். ஆளிவிதை எண்ணெயோ அரக்கோ பூசினால் சில மழைகளைத் தாங்கும், அதற்குமேல் மூக்கும் விரல்களும் மழுங்கத் தொடங்கும்.

கேஃப்ஸ் 1805-இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். அங்கேயே கலைக்கழகத்தில் படித்து, பிறகு பாரிஸில் சிற்பி ராமேயிடம் பயின்றார். தம்பிகளும் இதே தொழில். 1830-இல் பெல்ஜியம் நெதர்லாந்திடமிருந்து பிரிந்து தனி நாடானது, அடுத்த ஆண்டு லியோபோல்ட் அரசராக உறுதிமொழி எடுத்தார். புதிய நாட்டுக்கு நாயகர்கள் இருந்தார்கள், அவர்களுக்குச் சிலைகள்தான் இல்லை. அந்த நேரத்தில் கைத்தேர்ச்சியோடு திரும்பியிருந்த இளைஞரிடம் வேலைகள் வரிசையாக வந்தன. 1836-இல் பிரசெல்ஸ் பூங்கா அருகே தளபதி பெல்லியார், 1837-இல் அந்நகரப் பேராலயத்தில், 1830 விடுதலைப் போரில் உயிர்விட்ட பிரெடெரிக் தெ மெரோத்தின் கல்லறை, 1838-இல் தியாகிகள் சதுக்கம். அரண்மனைச் சிற்பி என்ற பதவியும் வந்தது. மனைவி ஃபானி ஓவியர். இருவரும் ஸ்கார்பேக்கில் வாழ்ந்து, 1883-இல் ஒரே மாதத்தில் மறைந்தார்கள்.

மெரோத் கல்லறையை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். பிரபு வம்சத்தவரை உழைப்பாளியின் தொளதொளச் சட்டையில், கையில் துப்பாக்கியோடு, அடிபட்டுச் சரிந்தபடி வடித்திருக்கிறார். ரோமானிய அங்கி போட்டு விட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். தொண்டர் படையோடு போரிட்டவருக்கு அந்தத் தொண்டரின் சட்டைதான் பொருத்தம் என்று அவர் முடிவெடுத்தது எனக்கு மிகப் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது.

தியாகிகள் சதுக்கத்தில் நிலைமை வேறு. 1830 செப்டம்பர்ச் சண்டையில் விழுந்த நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே நிலத்தடியில் கிடக்கிறார்கள். மேலே நாட்டின் உருவமாக ஒரு பெண், அவள் காலடியில் சிங்கம், மூலைகளில் மண்டியிட்ட தேவதைகள். உருவங்கள் வெண்பளிங்கு, நிற்பதோ திறந்தவெளி. பிரசெல்ஸ் மழையிலும் உறைபனியிலும் பளிங்கை நிறுத்துவது கடினமான முடிவு. மழை நேரே கழுவும் தோளிலும் தலையிலும் கால்சைட் மணிகளின் பிடி தளர்ந்து, தொட்டால் சர்க்கரைபோல் உதிரும். மழை படாத தாடைக்குக் கீழும் மடிப்புகளுக்குள்ளும் நிலக்கரிப் புகையின் கந்தகம் கல்லோடு சேர்ந்து ஜிப்சமாகி, கரியைப் பிடித்துக்கொண்டு கறுப்புப் படலமாக ஒட்டும். ஒரே முகத்தில் இரண்டு நோய்.

இப்படிப்பட்ட பளிங்கைச் சுத்தம் செய்யச் சொன்னால் பலரும் கறுப்பைத்தான் முதலில் தொடுகிறார்கள். அது தவறு. கறுப்புக்கு அடியில் கல் சர்க்கரையாகியிருந்தால், படலத்தோடு இமையும் உதடும் சேர்ந்தே வந்துவிடும். முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும், வெற்றொலி வரும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும், உதிரும் பகுதியைக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு, கண்ணில் படாத ஓரத்தில் 5 சென்டிமீட்டர் சதுரத்தில் சோதனை. காகிதக்கூழில் அம்மோனியம் கார்பனேட் கரைசலை ஊறவைத்து அப்புவது வழக்கமான முறை. லேசர் நன்றாக வேலை செய்யும், ஆனால் சில இடங்களில் மஞ்சள் சாயல் விட்டுவிடும். அமிலமும் மணல் வீச்சும் பட்டறை வாசலுக்கே வரக்கூடாது. பீடத்துக்குள் பழைய இரும்பு முளைகள் இருந்தால் அவற்றையும் பார்க்க வேண்டும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல்லைப் பிளந்தாவது எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு பெல்ஜிய நகரமான லியேஜின் பேராலயத்துக்குப் போகலாம். அங்கே பிரசங்க மேடைக்கான வீழ்ந்த தேவதையை, அதாவது கடவுளை எதிர்த்துச் சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட லூசிஃபரை, முதலில் செய்தவர் தம்பி ஜோசப். அவனை வௌவால் சிறகுள்ள அழகிய இளைஞனாகச் செதுக்கியிருந்தார். 1842-இல் முடித்த அந்தச் சிலையை அடுத்த ஆண்டு வைத்தார்கள், மிகவும் அழகாக இருக்கிறது என்ற காரணத்துக்காகவே எடுத்தும் விட்டார்கள். அண்ணனிடம் வேலை வந்து, 1848-இல் புதிய உருவம் அதே இடத்தில் அமர்ந்தது. அதுவும் அழகுதான். ஆனால் கொம்பும் விலங்கும் முறிந்த செங்கோலும் கடித்த ஆப்பிளும் கன்னத்தில் ஒரு துளிக் கண்ணீரும் சேர்ந்து, பார்ப்பவர் எதை நினைக்க வேண்டும் என்பதில் சந்தேகமே வைக்கவில்லை.

கல் வேலையாகப் பார்த்தால் இந்தச் சிலை ஒரு பாடப்புத்தகம். உயரம் 165, அகலம் 77, ஆழம் 65 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், இதற்குக் குறைந்தபட்சம் 0.83 கனமீட்டர் கல் வேண்டும், அதாவது உளி படுவதற்கு முன் இரண்டேகால் டன். பளிங்குக்கு அமுக்கம் தாங்கும், இழுவை தாங்காது. அந்தரத்தில் நீளும் கை என்றைக்காவது முறியும். கேஃப்ஸ் உயர்த்திய வலக்கையை வளைத்து, விரல்களைக் கூந்தலுக்குள் விட்டுவிட்டார். பார்ப்பவருக்கு அது வேதனை. கல்லுக்கு அது இரு முனையிலும் பிடிப்புள்ள வளைவு. சிறகுகளை விரிக்கவில்லை, உடலைச் சுற்றி மூடவிட்டார். உருவத்துக்கு முதுகுச் சுவர் கிடைத்துவிட்டது. செங்கோல் முறிந்திருப்பதால் நீளமான மெல்லிய கோல் தேவைப்படவில்லை. கதைக்குச் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் பின்னால் கல்லுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டும் இப்படி ஒன்றோடொன்று கலந்துபோன வேலை அபூர்வம். தம்பியின் சிலை இப்போது பிரசெல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு எது சிறந்தது என்று சொல்வது எளிதாக இருக்காது.

உயரத்தில் வைக்கும் சிலைக்குக் கணக்கு வேறு. பெல்ஜியத்தின் அரசியல் சட்டத்தை இயற்றிய தேசிய காங்கிரஸ் அவையின் நினைவாக, கட்டடக் கலைஞர் போலார்ட் பிரசெல்ஸில் வடிவமைத்து 1859-இல் திறந்த காங்கிரஸ் தூண் 47 மீட்டர். உச்சியில் கேஃப்ஸ் செய்த அரசர் லியோபோல்ட், 4.7 மீட்டர் வெண்கலம். கீழே நிற்பவர் 45 பாகைச் சாய்வில் அண்ணாந்து பார்த்தால் அந்த 4.7 மீட்டர், கண்ணுக்கு 3.3 மீட்டர் அளவுக்குக் குறுகும். பாதத்துக்கு முன்னால் தளம் 1 மீட்டர் நீட்டியிருந்தால் கீழ் 1 மீட்டர் மறைந்தேபோகும். அதனால் இப்படிப்பட்ட உருவத்துக்குத் தலையைக் கொஞ்சம் பெரிதாக்கி, மடிப்புகளை ஆழமாக வெட்டி, கண்குழியை இருட்டாக்கித்தான் செய்ய வேண்டும். பட்டறைத் தரையில் பார்த்தால் கரடாகத் தெரியும், சிலை கேட்ட குழுவினர் முகம் சுளிப்பார்கள். மாதிரியைச் சாரத்தில் ஏற்றி, கீழிருந்து காட்டுவதே ஒரே வழி.

இடமாற்றத்தைப் பற்றி யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. இசையமைப்பாளர் கிரெத்ரி 1813-இல் பாரிஸுக்கு வெளியே இறந்தார். அவருடைய இதயத்துக்காகப் பல ஆண்டு வழக்கு நடந்து, 1828-இல் அது பிறந்த ஊரான லியேஜுக்கு வந்தது. 1842-இல் பல்கலைக்கழகத்தின் முன் கேஃப்ஸின் வெண்கல கிரெத்ரி எழுந்தபோது அந்த இதயத்தைப் பீடத்துக்குள் வைத்தார்கள். 1866-இல் எல்லாவற்றையும் இசை நாடக அரங்கின் முன்னே மாற்ற வேண்டியதாயிற்று.

பீடத்துக்குள் வெற்றிடம் இருந்தால் அதை ஒரே திடக் கல்லாக நினைத்துக் கயிறு கட்டக்கூடாது. முதலில் உருவத்தை இறக்க வேண்டும். பாத முளைகளைச் சுற்றி ஊற்றிய ஈயத்தைச் சுரண்டி எடுத்து, தூக்கும் பட்டையை அக்குளில் மாட்டாமல் இடுப்புக்கும் தொடைக்கும் கீழே கொடுத்துத் தூக்க வேண்டும். பிறகு மேல்மூடிக் கல், அதன் பின் உள்ளிருப்பது, கடைசியாகப் பக்கக் கற்கள். எண் போடாமல் ஒரு கல்லைக்கூட அசைக்கக்கூடாது. புதிய இடத்தில் அடுக்கும்போது வெற்றிடத்தின் அடியில் நீர் வடியத் துளை விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்த ஈரம் குளிர்காலத்தில் உறைந்து மூட்டை விரிக்கும். கிரெத்ரி இன்றும் அரங்கின் முன்னே நிற்கிறார், இதயம் அவர் காலடியில் இருக்கிறது.