குடும்பத்துக்கு ஒரு நம்பர்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பெண்களைச் சேர்க்க வைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. நாலு தட்டு தட்டினால் முடிகிற வேலைக்கு எட்டு மாதமா என்று சென்னையில் இருக்கும் என் மகள் சிரிக்கிறாள். சேர்த்த பிறகு நடந்ததுதான் பெரிய கதை என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. வேறு ஊரில் இதே மாதிரி முட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் திறப்பார்கள். ஆட்கள் சென்னை, கோவை, மலேசியா, சிங்கப்பூர் என்று இருப்பதால் ஊரணி தூர் வாருவதோ கோயில் கணக்கோ எல்லாம் அந்த ஒரு குழுவில்தான் முடிவாகும். குழுவுக்கு ஒரே விதி, குடும்பத்துக்கு ஒரு நம்பர். ஆண்கள் மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நம்பர் ஒரு வீட்டில்கூட ஆச்சியுடைய (எங்கள் பக்கம் பெண்களை மரியாதையாக அப்படித்தான் சொல்வோம்) நம்பராக இல்லை. எங்கள் ஊர்க் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, கோயில் வரி அதன்படிதான், வீட்டுக்காரர் இறந்துவிட்டால் ஆச்சி அரைப்புள்ளி. குழுவில் அந்த அரைகூடக் கிடையாது. தனியாக இருக்கும் ஆச்சி வீட்டுக்கு துபாயில் இருக்கும் மகனுடைய நம்பர்.

போன வருஷம் வைகாசியில் ஊரணியைத் தூர் வாரினார்கள். நல்ல செலவு. ஐப்பசியில் மழை கொட்டியும் ஊரணியில் முழங்கால் தண்ணீர்கூட நிற்கவில்லை. எதிர் வீட்டு ஆச்சிக்கு 78 வயது, படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு, "வரத்துக்காலை மண்ணைப் போட்டு மூடிட்டானுகளே, பின்ன எப்படித் தண்ணி வரும்?" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊரணியில் குடம் தூக்கியவர். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வரும், எந்த மடையில் அடைக்கும் என்று அவருக்கு மனப்பாடம். தூர் வாரும்போது அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் "வரத்துக்காலைக் கவனிக்கவும்" என்று ஒரு வரி போட்டார். நாலு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதோடு சரி.

கார்த்திகையில் நானே கேட்க ஆரம்பித்தேன். அட்மின் எனக்கு அண்ணன் முறை, நல்ல மனிதர். "உங்க வீட்டுக்காரர்தான் இருக்காரே ஆச்சி, அவர் காட்டுவாரே" என்றார். அடுத்த தடவை, "பொம்பளைங்க இருந்தா எங்களால ஃப்ரீயா பேச முடியாது." ஃப்ரீயாக என்ன பேசுகிறார்கள் என்று வீட்டுக்காரர் போனில் பார்த்திருக்கிறேன், பாதி அரசியல் ஃபார்வர்டு, மீதி பெண்டாட்டி ஜோக்கு. மூன்றாவது தடவை கொஞ்சம் பயத்தோடு சொன்னார், யாராவது அசிங்கமாக எதையாவது போட்டு, ஒரு பெண் புகார் கொடுத்தால் போலீஸ் அட்மினைத்தானே பிடிக்கும் என்று. அது நியாயமான பயம்தான், அதனால் தேடிப் படித்தேன். அட்மினாக இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது, அவருக்கு அதில் வேறு பங்கு இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021லேயே சொல்லியிருக்கிறது. அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் அந்த யோசனையைச் சொன்னார்: "லேடீஸ் குரூப் தனியா ஆரம்பிச்சிடலாமே."

நான் இதில் ஏமாந்தேன், இரண்டு மாதம் வீணாய்ப் போனது. தனிக்குழு தொடங்கினோம். காலை வணக்கம், கோலம், கந்தரப்பம் உப்பி வர என்ன செய்யணும், யார் வீட்டில் வளைகாப்பு, எல்லாம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊரணி அங்கே ஒருநாளும் வரவில்லை. வீட்டு முகப்பில் ஆண்கள் பேசி முடித்துவிட்டு உள்ளே வளவில் இருக்கும் பெண்களுக்குச் சொல்லியனுப்புகிற பழைய ஏற்பாட்டை அப்படியே போனுக்குள் கட்டியிருக்கிறோம் என்று எனக்கு உறைக்க பங்குனி ஆகிவிட்டது. யாராவது தனிக்குழு தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கதவைத் திறந்தது என் வாதம் எதுவும் இல்லை, பணம். வரத்துக்காலைத் தோண்ட இரண்டாவது வசூல் வந்தபோது வீடு வீடாகப் போய் ஆச்சிமாரிடம் கேட்டேன். எங்கள் பெண்களுக்கு சீதனம், சிறுவாடு என்று தனிக் கணக்கு எப்போதும் உண்டு, தன் பெயரில் வட்டிக்குக் கொடுத்து வாங்கிய அப்பத்தாக்களின் பேத்திகள்தானே. கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நிபந்தனை சொன்னார்கள் (நான்தான் சொல்ல வைத்தேன், ஒத்துக்கொள்கிறேன்): ரசீது எங்கள் பெயரில், கணக்கு எங்கள் போனுக்கு. பணம் போட்டவருக்குக் கணக்குக் காட்ட மாட்டேன் என்று செட்டிநாட்டில் எவரும் சொல்லிவிட முடியாது. ஆடி மாதம் 23 பேரைச் சேர்த்தார்கள்.

அதற்குள் இன்னொரு வேலை. பலருக்குச் சொந்தமாகப் போனே இல்லை, இருந்தவர்களுக்கும் பேரன் வந்தால்தான் நெட். தேசிய குடும்ப நல ஆய்வில், 2019-21இல் எடுத்தது, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் நூற்றுக்கு 33, ஆண்கள் 57 என்று படித்திருந்தேன். எங்கள் வளவில் உட்கார்ந்து பார்த்தபோது 33 என்பதே கூடுதலாகத் தெரிந்தது. இரண்டு மதியம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தோம். ஒருவர்கூட தன் முகத்தை டிபி வைக்கவில்லை. பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் ஏழெட்டுப் பேர், மீதி பேரன் பேத்தி. டிபியும் கடைசியாக வந்த நேரமும் தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டும்படி எல்லோர் போனிலும் முதலிலேயே மாற்றிக் கொடுத்தேன், இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

சேர்ந்தாயிற்று. எதிர் வீட்டு ஆச்சிக்குத் தட்டெழுத வராது, என் போனில் நாலு நிமிஷம் குரல் பதிவு செய்தார், வரத்துக்கால் எங்கே தொடங்கி எந்தப் புளியமரத்தைச் சுற்றி வரும் என்று. குழுவில் போட்டேன். நாம் அனுப்பிய குரல் பதிவை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் யார் யார் கேட்டார்கள் என்று காட்டும். மறுநாள் ராத்திரி பார்த்தேன். கேட்டவர்கள் நாலு பேர், நாலும் பெண்கள். நீல டிக் மட்டும் எழுபதுக்கு மேல்.

எழுதினாலும் அதே கதை. ஒரு ஆச்சி ஜேசிபி வாடகை எத்தனை மணி நேரத்துக்கு என்று காலையில் கேட்டார், பதில் இல்லை. மத்தியானம் ஒரு சித்தப்பா அதையே கேட்டார், ஐந்து நிமிஷத்தில் பில் வந்தது. ஒரு மாதம் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்தேன், யார் கேட்டது, பதில் வந்ததா, எப்போது. குழுவில் போட்டுச் சண்டை பிடிக்கவில்லை. நோட்டை அட்மின் அண்ணனிடம் கொடுத்தேன். "நான் கவனிக்கவே இல்லையே ஆச்சி" என்றார், அது பொய் இல்லை என்றே நினைக்கிறேன். அன்றிலிருந்து பதில் வராத கேள்வியை அவரே எடுத்து, "ஆச்சி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று போட ஆரம்பித்தார். அவர் போட்டால் பதில் வருகிறது. இதிலும் ஒரு ஆண்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்ற எரிச்சல் எனக்கு இன்னும் உண்டு.

ஆவணியில்தான் அது நடந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், பள்ளத்தூரில் கல்லூரி படித்தவள், குழுவில் கணக்கைத் தட்டி அழகாகப் போடுவாள். ஒருநாள் ராத்திரி அவள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் போய்க் கேட்டபோது போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். குழுவில் இருக்கும் ஒருவர், அவள் அப்பச்சி வயது. முதலில் ரோஜாப்பூ. அப்புறம் "சாப்பிட்டாச்சா". அப்புறம் "டிபி ஏன் மாத்திட்டீங்க". கடைசியாக ராத்திரி 11.40க்கு "தூக்கம் வரலையா". வீட்டுக்காரரிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் முதலில் பறிபோவது தன் போன்தான் என்றாள்.

இங்கே எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாருக்காவது ஆகும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78வது பிரிவு பின்தொடர்வது பற்றியது. ஒரு பெண் விருப்பம் இல்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது குற்றம், முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை. அந்தத் "தெளிவாக" என்பதுதான் நம் பெண்கள் விடும் இடம். மரியாதைக்காக ரெண்டு கும்பிடு பொம்மை அனுப்பியிருந்தாள், அதனால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வரி எழுது என்றேன். "தயவுசெய்து" என்று ஆரம்பித்தாள், அழித்தாள், மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அழித்தாள். கடைசியில் போனது: "இனி எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப வேண்டாம்." மறுநாள் ராத்திரி "கோபமா?" என்று வந்தது. அதுதான் எங்களுக்கு வேண்டிய ஆதாரம்.

பிளாக் செய்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட். பெயர் போட்டுச் சேமித்த எண் என்றால் மேலே பெயர்தான் தெரியும், அதனால் அந்தப் பெயரைத் தட்டி, எண் தெரிகிற பக்கத்தையும் எடுக்கணும். உரையாடலை அழிக்கவே கூடாது. 1930க்கு அடி என்று ஒரு தம்பி சொன்னான், அது முக்கியமாகப் பண மோசடிக்கு. பெண்கள் உதவி எண் 181. நாங்கள் மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பதிந்தோம். பெயர் சொல்லாமலும் பதியலாம், ஆனால் அப்புறம் புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. அவள் பெயர் கொடுத்தாள். அதற்கு முன்தினம் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாள். அவர் போனைப் பறிக்கவில்லை, ஸ்டேஷனுக்குக் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரித்து எழுதி வாங்கினார்கள். எஃப்ஐஆர் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்கு அதில் சம்மதம் இல்லை, ஆனால் என் புகார் இல்லையே அது.

"வீட்டுக்குள்ள பேசி முடிச்சிருக்கலாமே ஆச்சி" என்றார் அட்மின் அண்ணன். எந்த வீட்டுக்குள்ள என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சாயங்காலம் அந்த நம்பரை நீக்கிவிட்டு ஒரு வரி போட்டார்: குழுவிலிருந்து பெண்கள் எண்ணை எடுத்துத் தனியாக மெசேஜ் அனுப்பினால் கேள்வி இல்லாமல் நீக்கம். அதை மேலே பின் செய்து வைத்திருக்கிறார். பின் 30 நாளைக்கு மேல் நிற்காது, அதனால் அமாவாசைக்கு அமாவாசை ஞாபகம் வைத்துப் புதுப்பிக்கிறார்.

புரட்டாசியில் வரத்துக்கால் தோண்ட ஆரம்பித்தபோது புளியமரம் எது என்று ஆட்களுக்குத் தெரியவில்லை, மூன்று மரம் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பழைய குரல் பதிவைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட்டு, "ஆச்சி, நீங்க சொன்ன மரம் கிழக்கால உள்ளதா, மேற்கால உள்ளதா?" என்று கேட்டார். எதிர் வீட்டு ஆச்சி அன்றைக்கு ஆறு நிமிஷம் பேசினார், அதில் இரண்டு நிமிஷம் முற்றத்தில் காய வைத்த வத்தலைக் கொத்திய காக்காயைத் திட்டினது. விவரத்தைத் திறந்து பார்த்தேன், கேட்டவர்கள் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அதில் ஒரு புது எண், டிபி இல்லை. ஊர்க் காரியத்துக்கென்று தனியாக சிம் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் திரும்பி வந்திருக்கிறாள்.