சீசியம் காட்டைவிட்டுப் போவதில்லை

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகளிலிருந்து கிளம்பி நிலத்தில் விழுந்த கதிரியக்கப் பொருள்களில் பெரும்பங்கு காட்டில்தான் விழுந்தது. அந்த மாகாணத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு காடு. வீடுகளையும் வயல்களையும் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். காட்டிலோ, குடியிருப்பை ஒட்டி 20 மீட்டர் வரை சருகை அள்ளியதோடு பெரும்பாலும் சரி. மழை கழுவிவிடும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் ஓடை வழியாக ஓராண்டில் வெளியேறுவது, அப்படி விழுந்து காட்டில் இருக்கும் சீசியம் என்ற கதிரியக்கப் பொருளில் 1 விழுக்காடுகூட இல்லை. மீதியெல்லாம் உள்ளேயே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் 'எவ்வளவு இருக்கிறது' என்பதற்கு முன்னால் 'இப்போது எந்த அடுக்கில் இருக்கிறது' என்று கேட்க வேண்டும்.

விழுந்தவற்றில் அயோடின்-131இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள். சில மாதங்களில் அதன் கதை முடிந்தது. சீசியம்-134க்கு 2 ஆண்டு. காட்டில் நீடிப்பது 30 ஆண்டு அரை ஆயுள் கொண்ட சீசியம்-137.

எந்தப் பருவத்தில் விழுந்தது என்பது முக்கியம். மார்ச்சில் சுகி எனப்படும் ஜப்பானிய ஊசியிலை மரங்கள் பச்சையாக நின்றன. விழுந்ததில் பெரும்பகுதியை அவற்றின் இலைகளே பிடித்து வைத்துக்கொண்டன. குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் கொனாரா ஓக் மரங்கள் அப்போது மொட்டை. அங்கே பட்டையிலும் முந்தைய ஆண்டின் சருகிலும் படிந்தது. பிறகு இலையில் சொட்டும் மழை, தண்டில் வழியும் நீர், உதிரும் இலை என்ற மூன்று வழியிலும் கீழே இறங்கியது. சுகி இலைகள் சில ஆண்டுகள் உதிராமல் நிற்பதால் அந்தத் தோப்புகளில் இறக்கம் மெதுவாக நடந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் இரு வகைக் காட்டிலும் பெரும்பகுதி மண்ணின் மேலடுக்கில் முதல் 5 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது.

அங்கேயே அது நிற்பதற்குக் காரணம் களிமண். அதில் உள்ள மைக்கா வகைக் கனிமங்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. காலப்போக்கில் அவற்றின் ஓரங்கள் பழைய புத்தகத்தின் ஓரம்போல நைந்து விரியும். அந்த இடுக்குக்குள் சீசியம் நுழைந்தால் எளிதில் வெளியே வராது. ஆனால் களிமண்ணுக்கு மேலே கிடக்கும் மக்கிய சருகில் இந்தப் பிடி கிடையாது. பூஞ்சை இழைகள் ஓடுவது அந்த அடுக்கில்தான். சீசியமும் பொட்டாசியமும் வேதியியலில் ஒரே குடும்பம் என்பதால், பொட்டாசியத்தைத் தேடும் பூஞ்சை சீசியத்தையும் சேர்த்தே இழுத்துக்கொள்கிறது. காட்டுக் காளானிலும், இளந்துளிர் பறித்து உண்ணப்படும் கொசியாபுராவிலும் ஜப்பானின் உணவு வரம்பான கிலோவுக்கு 100 பெக்கரலை (ஒரு பெக்கரல் என்பது நொடிக்கு ஓர் அணுச் சிதைவு) தாண்டிய அளவு ஆண்டுக்கணக்கில் தென்படுவது இதனால்தான். ஜெர்மனியின் பவேரியாவில், 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு மான் இறைச்சியில் சீசியத்தின் அளவு குறைந்தது. காட்டுப்பன்றியில் எதிர்பார்த்தபடி குறையவில்லை. பன்றி தோண்டித் தின்னும் நிலத்தடிக் காளான்களின் ஆழத்துக்குச் சீசியம் மெல்ல மெல்ல இறங்கி வந்திருந்தது. பன்றி இறைச்சியில் இருக்கும் சீசியத்தில் ஒரு பங்கு பழைய அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சம்.

மரத்துக்குள்ளும் போகும். சுகியில் வைரம் பாய்ந்த நடுக்கட்டைவரை சீசியம் நகர்ந்திருக்கிறது. பட்டையை உரித்துவிட்டால் போதும் என்பது இந்த மரத்துக்குச் செல்லாது.

எந்த அடுக்கில் எவ்வளவு என்று அறிய மாதிரி எடுக்கும்போதுதான் அதிகப் பிழை நேர்கிறது. முதலில் 25 சென்டிமீட்டர் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் இருக்கும் சருகை முழுவதும் அள்ளித் தனிப் பையில் போடுங்கள். பரப்பளவு தெரியாமல் அள்ளிய சருகால் பயனில்லை. அப்புறம்தான் 5 சென்டிமீட்டர் விட்டக் குழாயை மண்ணில் இறக்க வேண்டும். சருகோடு சேர்த்து அடித்தால் மேலே இருந்தது கீழே தள்ளப்பட்டு, சீசியம் ஆழமாக இறங்கிவிட்டதுபோல் காட்டும். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் மண்மட்டத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மண் அமுங்கியிருக்கிறது, அந்த ஆழக் கணக்கு தவறு. மண்தூணின் வெளிப்பக்கத்தை இரண்டு மில்லிமீட்டர் சீவிவிட்டு, அந்தப் பரப்புக் குறைவைக் கணக்கில் சேர்த்து, அடியிலிருந்து மேலாகத் துண்டு போடுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியைத் துடைத்து. மரத்தடியில் மட்டும் எடுக்காதீர்கள். தண்டில் வழிந்த நீர் அங்கே கூடுதலாகச் சேர்த்திருக்கும். ஒரு தோப்புக்கு ஐந்து இடமாவது வேண்டும்.

உலர்த்தி, எடை பார்த்து, ஜெர்மேனியம் உணர்கருவியில் சீசியம்-137ஐக் காட்டும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா முகட்டை அளந்த பிறகு, இடையில் சிதைந்து குறைந்ததைக் கணக்கிட்டு மாதிரி எடுத்த தேதிக்குத் திருத்த வேண்டும். கிலோ கணக்கையும் சதுர மீட்டர் கணக்கையும் குழப்பாதீர்கள். சருகில் கிலோவுக்கு 10,000 பெக்கரல் இருந்து, சதுர மீட்டருக்குச் சருகு 1 கிலோ என்றால் மொத்தம் 10,000. அடியில் 5 சென்டிமீட்டர் மண்ணில் கிலோவுக்கு 2,000தான், ஆனால் மண் 25 கிலோ; மொத்தம் 50,000. கிலோ எண்ணை மட்டும் பார்த்துச் சருகை வாரிவிட்டால் ஆறில் ஒரு பங்குதான் போகும்.

விறகு எரிப்பவர்கள் சாம்பலைக் கவனிக்க வேண்டும். கட்டை எரிந்து சாம்பலாகும்போது செறிவு 200 மடங்குவரை ஏறும். அதனால்தான் ஜப்பானில் விறகுக்கு வரம்பு கிலோவுக்கு 40 பெக்கரல். அது சாம்பலில் 8,000ஐத் தாண்டாமல் இருப்பதற்கான கணக்கு. சாம்பலில் உள்ள சீசியம் தண்ணீரில் எளிதில் கரையும். அதைக் காய்கறிப் பாத்திக்கு உரமாகப் போடாதீர்கள்.