மங்கு

"பொண்ணு கல்யாணத்துக்குள்ள இந்த மங்கு போயிடணும் சார். போட்டோவுல தெரியக் கூடாது."

கிருஷ்ணகிரியில் தோல் டாக்டர் அறை. கதவு பாதி திறந்தே இருந்தது.

அந்த அக்கா சுருக்குப் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து நீட்டினார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, கடைசிச் சொட்டு வரை பிதுக்கிய ட்யூப். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதாம். இரண்டு வருடமாகப் போடுகிறாராம்.

டாக்டர் முகத்தை விட்டுவிட்டு ட்யூபையே பார்த்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. முதல்ல வெளுக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு சிவந்துடும். கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தணும். வெயில்ல இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சன்ஸ்கிரீன் போடணும்."

"மாந்தோப்புல வேலைங்க சார்."

அவருக்கு ஆல்பத்தில் ஒரு நாள் முகம் வேண்டும். டாக்டருக்குப் பத்து வருடம் தாங்கும் தோல் வேண்டும். (நானும் பரு வடுவுக்கு லேசர் எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் போயிருந்தேன்.)

"சரி, கல்யாணம் எப்போ?"

"வைகாசியில."

மாங்காய் இறக்கும் மாதம். டாக்டர் பேனாவை மூடினார்.