அம்பாசடர் பிக்கப்புக்கு ஜீப் சக்கரம்

கார் மாடல் கட்டுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி "என்ன ஸ்கேல்?" என்பதுதான், அதாவது நிஜ வண்டியில் எத்தனையில் ஒரு பங்கு என்று. 1/24, 1/25, 1/32 என்று பெட்டி மேல் போட்டிருக்கிற எண்ணை வைத்தே கிட்டுகளை, அதாவது ஒட்டிச் சேர்க்கிற பாகங்கள் அடங்கின பெட்டிகளை, அடுக்கி வைத்து, ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் போகவே கூடாது என்று நினைக்கிறவர்கள் நிறைய. பெட்டியில் உள்ளதை அப்படியே ஒட்டிக் காய வைக்கிறவருக்கு அது சரி. ஆனால் இரண்டு மூன்று கிட்டின் பாகங்களைக் கலந்து, எந்தக் கம்பெனியும் போடாத ஒரு வண்டியைக் கட்டுகிறவனுக்கு, அதாவது கிட்பாஷ் பண்ணுகிறவனுக்கு, அந்த எண்ணால் பெரிய உபகாரம் கிடையாது. அவனுக்கு வேண்டியது மில்லிமீட்டருக்கும் கீழே அளக்கிற ஒரு வெர்னியர் காலிபரும் வகுத்தல் கணக்கும்.

அந்த எண்களே அப்படி ஒன்றும் வேதவாக்கு இல்லை. இன்றைக்கு உலகம் பூராவும் ராணுவ மாடல்களுக்கு 1/35 என்று ஒரு ஸ்கேல் ஓடுகிறதே, அது எப்படி வந்தது? ஜப்பானில் டமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டாங்கியை பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று அதற்குத் தக்கபடி உடம்பை வரைந்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 1/35 வந்தது. பேட்டரி சைஸ் முடிவு பண்ணின ஸ்கேல் அது. 1/24 என்பது ஒரு அடிக்கு அரை அங்குலம், 1/32 என்பது ஒரு அடிக்கு எட்டில் மூன்று அங்குலம். அங்குல டேப்போடு வேலை பார்த்தவர்களுக்கு வசதி, வேறொன்றுமில்லை.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். இப்போது மேசையில் இருப்பது அம்பாசடர், அதுவும் பின்பக்கம் வெட்டிய பிக்கப். நம்ம திருநெல்வேலிப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அம்பாசடர் மேல் ஏன் ஆசை என்று விளக்க வேண்டியதில்லை. குற்றாலம் சீசனுக்குக் கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனதும் அதுதான், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஏறினதும் அதுதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸை அடிப்படையாக வைத்து 1950களின் கடைசியில் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கி, 2014இல் நிறுத்தினார்கள். பிக்கப் ஏன் என்றால், களக்காடு, சேரன்மகாதேவி பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், டிக்கியையும் பின் சீட்டையும் தூக்கிவிட்டு அங்கே தாரை அடுக்கின ஓர் அம்பாசடர் எப்படி இருக்கும் என்று எனக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நிஜத்தில் யாராவது செய்திருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நல்லது, என் மேசையில் அது ஓடும்.

என் கைக்குச் சிக்கிய கிட் எதிலும் அம்பாசடர் கிடையாது. அதனால் உடம்புக்குத் திருவிழாக் கடையில் வாங்கின ஒரு பொம்மைதான், பின்னால் இழுத்து விட்டால் ஓடுமே, அந்த வகை. பொம்மையில் ஸ்கேல் என்று எதையும் எழுதியிருக்க மாட்டார்கள், நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். நிஜ அம்பாசடரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உள்ள தூரம், 2464 மி.மீ. பொம்மையில் 77. வகுத்தால் 32. ஆனால் நீளம் 131தான் இருந்தது. நிஜ வண்டி 4325 மி.மீ. நீளம், அதை 32ஆல் வகுத்தால் 135 வர வேண்டும். பொம்மைக்காரர்கள் வாலைக் கொஞ்சம் கிள்ளியிருக்கிறார்கள். எப்படியும் வாலை நான் வெட்டத்தான் போகிறேன் என்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை. நீளத்தையும் வீல்பேஸையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தப் பொம்மையையும் நம்பக் கூடாது. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்கும் என்றால் வீல்பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண் முதலில் ஏமாறுவது அங்கேதான்.

அப்புறம் சக்கரம். ஒரு மாடல் காரை வண்டியாகக் காட்டுவது பெயிண்ட் இல்லை, குரோம் இல்லை, சக்கரமும் அது நிற்கிற நிலையும்தான் என்பது என் கட்சி. பொம்மையில் இருந்தது 24 மி.மீ. சக்கரம், 32ஆல் பெருக்கினால் முக்கால் மீட்டருக்கும் மேல், டிராக்டர் முன்சக்கரம் மாதிரி. அம்பாசடரின் 15 அங்குல ரிம்மில் 5.90 டயர் போட்டால் மொத்த விட்டம் 67 செ.மீ. சுமார். 1/32க்கு 21 மி.மீ. வேண்டும். எங்கே தேடுவது? பழைய மிச்சப் பெட்டியில் 1/35 ராணுவ ஜீப் கிட்டின் சக்கரங்கள் கிடந்தன. நிஜ வில்லிஸ் ஜீப்புக்கு 16 அங்குல ரிம், டயர் உயரமானது, 72 செ.மீ. பக்கம் வரும். அதை 35ஆல் வகுத்துப் பாருங்கள், 21க்கு ஒட்டி வந்து நிற்கும். ரிம் மட்டும் தனியாகப் பார்த்தாலும் அதே கதை: ஜீப் ரிம் 1/35இல் 11.6 மி.மீ., அம்பாசடர் ரிம் 1/32இல் 11.9. பெட்டியில் போட்ட எண்ணைப் பார்த்து ஒதுக்கியிருந்தால் இது கிடைத்திருக்காது. ராணுவ டயரின் முரட்டுப் பட்டைகளை மட்டும் உப்புத்தாளில் தேய்த்து இறக்க வேண்டியிருந்தது. ஜீப் கிட்டில் ஸ்டெப்னியோடு ஐந்து சக்கரம் வருவதும் வசதி.

முன்விளக்கு இன்னும் அழகு. அம்பாசடருக்கு 7 அங்குல வட்ட விளக்கு, 1/32இல் 5.6 மி.மீ. அமெரிக்கக் கார்களில் 1950களின் கடைசியில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு விளக்கு வைக்கத் தொடங்கினார்கள், அவை ஒவ்வொன்றும் ஐந்தே முக்கால் அங்குலம். 1/25 கிட்டில் அது 5.8 மி.மீ. என் மிச்சப் பெட்டியில் அந்த மாதிரிக் கண்ணாடி விளக்குகளுக்குப் பஞ்சமே இல்லை, ஏனென்றால் அமெரிக்கக் கிட்டுகளில் உபரி பாகம் அதிகம். ஏஎம்டி கம்பெனி 1958இலேயே ஒரே பெட்டியில் சாதாரண வண்டி, கஸ்டம் வண்டி, ரேஸ் வண்டி என்று மூன்றில் எதை வேண்டுமானாலும் கட்டுகிற மாதிரி கிட் போட்டது. ஒன்றைக் கட்டினால் மற்ற இரண்டின் பாகமும் கையில் மிச்சம். கலந்து கட்டுகிற பழக்கம் வளர்ந்ததற்கு அந்தப் பெட்டிகளுக்குப் பாதிப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் இப்படிக் கலக்கலாமா என்றால், கூடாது. மனித உடம்போடு தொடர்புள்ளதில் கலந்தால் உடனே தெரிந்துவிடும்: ஸ்டீயரிங், சீட், கதவுப் பிடி. 1/24 சீட்டை 1/32 உடம்புக்குள் வைத்தால் டிரைவர் சோபாவில் உட்கார்ந்திருப்பார். ஆனால் டிரைவரையே 1/35இல் இருந்து எடுக்கலாம். 5 அடி 9 அங்குலச் சிப்பாய் 1/35இல் 50 மி.மீ. இருப்பான், அதே பொம்மை 1/32 வண்டியில் உட்கார்ந்தால் 160 செ.மீ. உயர மனுஷன். அந்த உயரத்தில் நம்ம ஊரில் டிரைவர்கள் எத்தனை பேர் வேண்டும்? ஹெல்மெட்டைச் சீவிவிட்டு, பட்டியில், அதாவது பள்ளம் அடைக்கிற பசைக்கலவையில், ஒரு தலைமுடியும் தோளில் துண்டும் வைத்து, கால்சட்டை மேல் லுங்கி மடிப்பு இழுத்துவிட்டால் ஜெர்மன் சிப்பாய் முக்கூடல்காரர் ஆகிவிடுவார். பலகைக்கு ஸ்கேலே கிடையாது. பின் தட்டுக்கு ஒரு 1/35 லாரி கிட்டின் மரப்பலகைத் தளத்தை வெட்டிப் போட்டிருக்கிறேன், யாரும் பலகையின் அகலத்தை அளக்க வரமாட்டார்கள்.

ஒட்டுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் என்ன ஜாதி என்று தெரிய வேண்டும். கிட் எல்லாம் பாலிஸ்டைரீன், மாடல் சிமெண்ட் அதைக் கரைத்து ஒன்றோடொன்று இளக்கிச் சேர்க்கும், காய்ந்த பிறகு அது ஒட்டு இல்லை, ஒரே துண்டு. பொம்மை ஏபிஎஸ்ஸாகவும் இருக்கலாம், பாலிபுரொப்பிலீனாகவும் இருக்கலாம். ஒரு சின்னத் துண்டை நறுக்கித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிதீன், எந்தப் பசையும் பிடிக்காது, பெயிண்டும் உரிந்து வரும், அந்தப் பொம்மையைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். மூழ்கினால், வெளியே தெரியாத உள்பக்கத்தில் ஒரு சொட்டு சிமெண்ட் வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் வேலை நடக்கும். கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் ஃபெவிக்விக் வேண்டாம், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். வெள்ளை ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெளிந்துவிடும்.

வெட்டுவதற்கு ஆக்ஸா பிளேடு ரொம்பத் தடிமன். 1/32இல் ஒரு மி.மீ. போனால் நிஜத்தில் மூன்று செ.மீ. போன கணக்கு. நகை ஆசாரிமார் வைத்திருக்கிற மெல்லிய ரம்பம் டவுனில் கிடைக்கும், அதன் இழைதான் சரி. முன்கதவுக்குப் பின்னால் உள்ள தூணை ஒட்டி இறக்கி, கூரையை அங்கேயே நிறுத்தி, பின்பக்கச் சுவரை ஸ்டைரீன் தகட்டில் அடைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏல, நல்லா இருந்த காரை வெட்டிப் போட்டிருக்கியே, கோட்டி புடிச்சிருக்கால ஒனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை.

குரோம் பூசின பாகங்களில் பசையும் பிடிக்காது, பட்டியும் பிடிக்காது. துணிக்குப் போடுகிற திரவ பிளீச்சில் ஊறப்போட்டால் அந்தப் பளபளப்பு கரைந்து போய்விடும், அது வெறும் அலுமினியப் படலம்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கழிவறை ஆசிட் பக்கத்திலேயே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. கிரில்லுக்கு டீ வடிகட்டி வலை.

பட்டி பார்க்கிற வித்தையை நான் புத்தகத்தில் கற்கவில்லை, வண்ணார்பேட்டைப் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சியிடம் கற்றேன். கையடக்கக் காரைக் கொண்டுபோய்க் காட்டினால் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூரை ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, பட்டிய ஒரே வீச்சுல அப்பக் கூடாது. மெல்லிசா வச்சு காயவிட்டு, திரும்ப வைக்கணும். அவசரப்பட்டா ஒரு மாசங் கழிச்சு உள்ள உக்காந்துரும், பாத்துக்கிடுங்க" என்றார். உண்மைதான். டியூபில் வருகிற பட்டியில் கரைப்பான் ஆவியாகப் போகும்போது அளவு சுருங்கும், தடிமனாக வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும். ஆழமான இடத்துக்கு எம்-சீல் மாதிரி இரண்டு கலவை பிசைந்து வைப்பது நல்லது, அது சுருங்காது. இன்னொன்றும் சொன்னார்: தேய்ப்பதற்கு முன்னால் வேறு நிறத்தில் லேசாக ஒரு தூவல் தூவிவிட்டுத் தேய்த்தால், பள்ளம் இருக்கிற இடத்தில் மட்டும் அந்த நிறம் தங்கி நிற்கும். கண்ணால் பார்க்க முடியாத பள்ளத்தை அது காட்டிக் கொடுக்கிறது. பெரிய காருக்குச் செய்வது சின்னக் காருக்கும் அப்படியே பொருந்துகிறது.

பெயிண்ட் விஷயத்தில் மட்டும் பொருந்தாது. கார் பெயிண்ட் கடையில் கலக்குகிற என்.சி. தின்னர் தகரத்துக்கு ஒன்றும் செய்யாது, பாலிஸ்டைரீன் மேல் நேராகப் பட்டால் மேல்தோல் வெடித்துச் சுருங்கும். முதலில் பிரைமர், பிறகு எட்ட நின்று மூடுபனி மாதிரி மெல்லிய தூவல்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. நம்ம ஊர்ப் பருவத்தையும் பார்க்க வேண்டும். ஆனி ஆடியில் அடிக்கிற காற்றில் மொட்டை மாடியில் நின்று பெயிண்ட் அடித்தால் பாளையங்கோட்டைப் புழுதி முழுக்கக் கூரையில் ஒட்டும். ஐப்பசி அடைமழையில் ஈரம் பட்டு லாக்கர் பெயிண்ட் வெளிறிப்போகும். சித்திரை வெயிலில் துளி வண்டியில் விழுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். ஆகக் கூடி, மாசியிலும் பங்குனித் தொடக்கத்திலும் விடிகாலையில் அடிப்பேன், மற்ற மாதமெல்லாம் ஒட்டுகிற வேலையும் தேய்க்கிற வேலையும்.

இப்போது பாக்கி இருப்பது லோடு. ஒரு வாழைப்பழம் 18 செ.மீ. என்று வைத்தால் 1/32இல் ஐந்தரை மி.மீ. சீப்புக்குப் பதினைந்து பழம், தாருக்கு எட்டுச் சீப்பு என்றால் ஒரு தாருக்கே 120 பழம் உருட்ட வேண்டும், தட்டில் குறைந்தது பத்துத் தாராவது அடுக்கினால்தான் பார்க்க வண்டி நிறையும். நேற்று ஒரு சீப்பு உருட்டியதிலேயே கண் போய்விட்டது. அதனால் ஒரே ஒரு தாரை மட்டும் ஒழுங்காகச் செய்து சிலிக்கானில் அச்சு எடுத்து, மற்றதை ரெசினில் வார்க்கலாம் என்று இருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்குமே என்றால், கீழ் வரிசையைக் காய்ந்த வாழைச் சருகு போட்டு மூடிவிடலாம், நிஜத்திலும் அப்படித்தானே ஏற்றுகிறார்கள். சருகுக்கு டீத்தூள் பையின் தாள் நன்றாக வருகிறது.