செவலையின் தண்ணீர்க் கணக்கு

14.10.2025
எங்கள் நாய் செவலை இன்று குடித்தது ஒன்றேமுக்கால் லிட்டர். நேற்று ஒன்றரை.

16.10.2025
விடியற்காலையே தம்பி ஆட்டோவில் குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். எடை 14 கிலோ. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 3.8. சிறுநீரகம் முக்கால்வாசி போன பிறகுதான் ரத்தத்தில் அது ஏறுமாம். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தாலே உடனே கூட்டி வர வேண்டுமாம். நான் மே மாதமே பார்த்தேன். கிண்ணம் மத்தியானத்துக்குள் காலியாகும். கத்திரி வெயில், தாகம் எடுக்கிறது என்று நிரப்பி நிரப்பி வைத்தேன். அப்போதே அளந்திருக்கலாம். அஞ்சு மாதம்.

20.10.2025
தீபாவளி. எதிர்வீட்டில் பத்தாயிரம் வாலா. பதின்மூன்று தீபாவளி அம்மா கட்டிலுக்கடியில் நடுங்கியவள், கூடத்து நடுவில் அசந்து தூங்குகிறாள். "நல்லதுதான்க்கா, பயப்படாம கிடக்குது" என்றான் தம்பி. சரிதான். ஆனால் நான் கூப்பிட்டதெல்லாம்? பேர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை என்று போன மாதம் அதட்டினேனே.

21.10.2025
மழை. ஒன்றேமுக்கால்.

25.10.2025
கால் வலிக்குப் பாராசிட்டமால் அரை மாத்திரை கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. டாக்டர் சொல்லாமல் நாய்க்கு அதைக் கொடுத்தால் ஆபத்து. சொன்னேன், அவர் நம்பவில்லை.

27.10.2025
இன்று நானே ஊசி போட்டேன். உடம்பில் நீர் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி ஜன்னல் கம்பியில் கட்டினேன். தோளுக்கு நடுவே தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினால் அடியில் ஒரு பை மாதிரி இடம் வரும், அங்கேதான் குத்த வேண்டும். கை நடுங்கியது. அவள் அசையவில்லை. 100 மில்லி இறங்கியதும் தோளில் மாங்காய் அளவுக்கு வீக்கம். ராத்திரிக்குள் அது முன்னங்கால் பக்கம் சரிந்து மெதுவாக வற்றியது. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

30.10.2025
ராத்திரி மூன்று மணி. கதவின் கீல் பக்கம் போய் நிற்கிறாள், அந்தப் பக்கம் திறக்கும் என்று. இதே கதவில்தான் இத்தனை வருஷம் போய் வந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

2.11.2025
தேவனாம்பட்டினம் கடற்கரை. மீன் வலை உலரும் இடத்தில் மூக்கைத் தூக்கினாள், வாலும் ஆடியது. மூக்கு இன்னும் இருக்கிறது! தானே புயலுக்கு மறுநாள், விழுந்து கிடந்த முருங்கைக்கு அடியிலிருந்து அம்மா முந்தானையில் ஏந்தி வந்தபோதும் இப்படித்தான், கண் திறக்காமலே மோந்து மோந்து பார்த்தாள். டிசம்பர் வந்தால் 14 வருஷம்.

5.11.2025
அரை லிட்டர்தான். மே மாதத்திலேயே அளந்திருக்கலாம்.

6.11.2025
கால் லிட்டர் கூட இல்லை. தயிர்சோறு அப்படியே இருக்கிறது.

7.11.2025
அம்மா புடவையை மடித்துத் தலைக்கு வைத்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்து வாயருகே நீட்டினேன். நக்கினாள். இரண்டு தடவை.